கூட்டை விட்டு வராத கொசுக்கள்

கூண்டு அறையில் சத்தமே இல்லை. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் நெட்டை முதலில் கவனித்தது அதைத்தான்.

மற்ற திங்கட்கிழமைகளில் அந்தக் கதவைத் திறந்ததுமே காதில் ஒரு ரீங்காரம் வந்து ஒட்டிக்கொள்ளும். நாற்பது கூண்டு, கூண்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆண் கொசு. எங்கோ தள்ளி ஒரு மோட்டார் ஓடுவது போல நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெட்டை அந்தச் சத்தத்தில் தலைவலி என்று மாத்திரை போட்டிருக்கிறான். இப்போது அது இல்லாத அறையில் கதவுப்பிடியை விடாமல் நின்றான்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்று நடைபாதைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவன் கூப்பிட்டது தண்ணிக்காரியை. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. ஆனால் தண்ணீர்ப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு என்பதால் அறிவியல் அதிகாரியான டாக்டரம்மா தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் தண்ணிக்காரிதான். அவளும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வந்து முதல் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம் வைத்த கிண்ணம் வைத்த இடத்தில் இருந்தது. கிண்ணத்துத் தண்ணீர் மேல் கூட்டுப்புழுக்கள் கரிய ஏடு போல மிதந்தன. இரண்டு நாளில் அவை கூட்டைக் கிழித்துக்கொண்டு கொசுவாகப் பறந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை கிழிக்கவே இல்லை. சில, தலையையும் ஒரு காலையும் வெளியே நீட்டி, சட்டையைக் கழற்றும்போதே உயிர் போனதுபோல அப்படியே விறைத்திருந்தன.

"இது ஒண்ணுதானா?"

அவள் அடுத்த கூண்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். இருபதாவது கூண்டுக்கு மேல் அவளுக்குக் குனிய வரவில்லை. மிச்சத்தை நெட்டை பார்த்தான். நாற்பதிலும் அதே கதைதான்.

அந்தக் கட்டடத்தில் நடப்பது என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது பெண் கொசு. ஆண் கொசு கடிக்காது. அங்கே வாரத்துக்கு லட்சக்கணக்கில் முட்டைகளைப் பொரிக்கவைத்து, தட்டுத்தட்டாகப் புழு வளர்ப்பார்கள். எட்டாம் நாள் கூட்டுப்புழுக்களைக் கண்ணாடித் தகடுகளின் இடுக்கு வழியே விட்டால், சிறியதான ஆண் கீழே இறங்கிவிடும், பெரியதான பெண் மேலேயே தங்கிவிடும். பெண்ணை உறையவைத்துக் கொல்வார்கள். ஆணுக்குக் கதிர்வீச்சுக் காட்டி மலடாக்கிக் கூண்டில் விடுவார்கள். அந்த ஆண்களைப் புதன்கிழமைதோறும் தெருக்களில் திறந்துவிட்டால், அங்கிருக்கும் பெண் கொசுக்கள் அவற்றோடு சேரும்; முட்டை இடும்; முட்டை பொரிக்காது. நெட்டை அந்த ஆண் கொசுக்களை 'மாப்பிள்ளைங்க' என்றுதான் சொல்வான். டப்பாக்களில் அடைத்து வண்டியில் ஏற்றும்போது, "மாப்பிள்ளை அழைப்பு, வழி விடுங்க" என்பான்.

அந்த வாரம் அழைக்க ஒரு மாப்பிள்ளையும் இல்லை.

டாக்டரம்மா வந்தாள். உருப்பெருக்கியின் கீழ் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலி பக்கத்தில் இருக்கும்போதே, அதைத் தேடாமல், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"தண்ணி," என்றாள் கடைசியில். "தண்ணியைத் தவிர நாம எதையும் மாத்தலையே."

எல்லோரும் தண்ணிக்காரியைப் பார்த்தார்கள்.

தண்ணீரை மாற்றியது அவள் யோசனைதான். அதற்கு முன்னால் வாரம் பத்தாயிரம் லிட்டர் குழாய்த் தண்ணீர் தட்டுகளில் நின்று, மீன்தூளும் புழுக் கழிவும் கலந்து நாற்றமடித்து, பின்பக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கத் தெருவில் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் வரும். அந்தத் தெருவில்தான் அவள் நாத்தனார், அதாவது கணவனின் ஒரே தங்கை, குடியிருந்தாள். ஒருநாள் அவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கே வந்து நின்றாள்.

"அண்ணி, எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு நாலு குடம். உங்க கொசுவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தண்ணிக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளே டாக்டரம்மாவிடம் போய், இந்தத் தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டாள். ஆறு மாதம் முட்டிமோதினார்கள். முதலில் வலை, அது புழுத்தோலையும் மிச்சத் தீனியையும் பிடிக்கும். அப்புறம் மணல். அப்புறம் காற்று அடிக்கும் தொட்டி, நாற்றத்தைப் போக்க. அப்புறம் கரி. கரித்தூள் தட்டுக்குப் போகாமல் இருக்கக் கடைசியில் ஒரு துணிப்பை. குழாய்த் தண்ணீரிலும் துரு வருவதால் அதையும் அந்தப் பை வழியாகவே விட்டார்கள். பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர் திரும்பக் கிடைத்தது. மூன்று மாதமாக ஒரு குறையும் இல்லை. புழுக்கள் முன்பைவிடக் கொழுகொழுவென்று வளர்ந்தன.

பதினைந்து நாளைக்கு முன் அந்தத் துணிப்பைகள் தையல் விட்டுக் கிழிந்தன. புதிது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். தண்ணிக்காரி கிடங்கில் இருந்த அதே துணிச்சுருளை வீட்டுக்கு எடுத்துப்போய், தன் தையல் மெஷினில் ஆறு பை தைத்துக்கொண்டு வந்து மாட்டினாள். வாங்கியதைவிட இதுதான் உறுதி என்று டாக்டரம்மாவே பாராட்டினாள்.

இப்போது டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தபடி, "மறுசுழற்சியை நிறுத்துங்க. வெள்ளிக்கிழமை பொரிக்கிற முட்டைக்கு முழுக்கக் குழாய்த் தண்ணி," என்றாள்.

தண்ணிக்காரி அந்த வாரம் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாக்கடையில் தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனாள். அம்மோனியா பார்க்கும் பட்டையை ஒரு நாளைக்கு ஐந்து தடவை முக்கிப் பார்த்தாள். சரியாகவே இருந்தது. உப்பு சரி, அமிலம் சரி. ஏற்கெனவே தட்டில் இருந்த அடுத்த அணி புழுக்களும் அடுத்த திங்கட்கிழமை கூட்டுக்குள்ளேயே செத்தன. அதை எல்லோரும் எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். பழைய தண்ணீரில் வளர்ந்தவை, வேறென்ன ஆகும்? குழாய்த் தண்ணீரில் வளரும் மூன்றாவது அணிக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது திங்கட்கிழமை நெட்டை கூண்டு அறைக்கு வெளியே கதவில் காதை வைத்து நின்றான். டாக்டரம்மா வரும்வரை திறக்கவில்லை. திறந்தபோதும் அதே அமைதி.

தண்ணிக்காரி முதல் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மறுசுழற்சித் தண்ணீர் என்றால் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் தன் தலையில் விழுந்தாலும் அது ஒரு பதில். இப்போது அதுவும் இல்லை. ஊர் குடிக்கிற தண்ணீரில் வளர்ந்த புழு எப்படிச் சாகும்?

"யாரோ போட்டிருக்காங்க," என்றாள் டாக்டரம்மா. மெதுவாகத்தான் சொன்னாள்.

பின்வாசல் கேமராவில் பதிவானதை ஓட்டிப் பார்த்தார்கள். நாலு பேர் ஒரு சின்னத் திரைக்கு முன் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், கட்டடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு பெண் குடத்தோடு வந்து, கட்டடத்துக்கான தண்ணீர் தேங்கும் நிலத்தொட்டியின் மூடிக்குப் பக்கத்தில் குனிகிறாள். ஐந்து நிமிஷம் அங்கேயே குனிந்திருக்கிறாள். எழுந்து போகிறாள். முக்காடு போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

தண்ணிக்காரிக்கு முகம் தேவைப்படவில்லை. இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக் குடத்தை வைத்துக்கொள்கிற அந்த நடை, கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் பார்க்கிற நடை. அந்தத் தொட்டியோரம் ஒரு வால்வு ஒழுகும் என்பதும் அவளுக்குத் தெரியும். குடத்தை அதன் அடியில் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் நிறையும்.

"இந்தப் பொம்பளையை யாருக்காவது தெரியுமா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

தெரியாது என்று காவலாளி சொன்னான். நெட்டை உதட்டைப் பிதுக்கினான். தண்ணிக்காரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் எல்லோர் பார்வையும் அவளை விட்டு நகர்ந்திருந்தது. இரண்டு வாரமாக அவள் முதுகில் கிடந்த ஒன்றை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில போலீஸ்ல புகார் கொடுக்கறேன்," என்றாள் டாக்டரம்மா. "பின்தெரு ஆளுங்கதான். தண்ணிக்காக நம்ம மேல காட்டத்துல இருக்காங்க."

அன்று சாயங்காலம் தண்ணிக்காரி வீட்டுக்குப் போனபோது கணவன் முன்னாலேயே வந்திருந்தான். அவனை அக்கம்பக்கத்தில் மருந்துக்காரர் என்பார்கள். சுகாதார அலுவலகத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர். வீடுவீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் மருந்துத்தூள் போடுவது வேலை. புருஷன் கொல்கிறான், பெண்டாட்டி வளர்க்கிறாள், இரண்டு சம்பளமும் கொசு கொடுப்பது என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

"தங்கச்சிக்கு நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சலாம். போன்ல பேசினேன். குரலே கம்மிப்போயிருக்கு," என்றான்.

அவள் சாப்பாடு எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட, அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் செத்துப்போச்சா?"

"ம். குழாத் தண்ணியில வளர்ந்ததும் போச்சு. எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. புழு நல்லா இருக்கு. தின்னுது, வளருது. கூட்டுப்புழுவும் ஆகுது. கூட்டைக் கிழிச்சுட்டு வெளிய வர்ற நேரத்துலதான் சாவுது. ஒண்ணு ரெண்டு தலையை மட்டும் நீட்டிட்டு அப்படியே நிக்குது."

அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அது என் மருந்து பண்ற வேலையாச்சே," என்றான்.

கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான். "மத்த மருந்து மாதிரி இல்லைன்னு நான் எத்தனை தடவை உன்கிட்ட சொல்லியிருக்கேன்? புழுவை ஒண்ணும் பண்ணாது. மனுஷங்களுக்கும் ஒண்ணுமில்ல, குடிக்கிற தொட்டியிலேயே போடறோம். கொசுவா மட்டும் மாற விடாது. ஒரு டிரம்முக்கு ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையே ரெண்டு மூணு மாசம் நிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாக்கூடப் போதும்னு..."

அங்கே அவன் பேச்சு நின்றது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அறை மூலையில் இருந்த தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அலுவலகக் கிடங்கில் கூரை ஒழுகத் தொடங்கியதிலிருந்து மருந்து மூட்டை வீட்டில்தான் இருந்தது, மெஷினுக்கு அடியில். தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுவான். சமமான பலகை வேறு இல்லாததால் மெஷின் பலகை மேல் வைத்துத்தான் கட்டுவான்.

"நான் பை தைச்ச அன்னிக்கு," என்றாள், "பலகையைத் துடைச்சீங்களா?"

"ஊதிவிட்டேன்."

"எந்தப் பக்கம் ஊதினீங்க?"

துணிச்சுருள் அன்று மெஷினுக்கு அந்தப் பக்கம், சுவரில் சாய்ந்து நின்றது. இருவருக்குமே அது நினைவிருந்தது.

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்துபோய்க் கழுவினாள். கடைசிப் பை. கரிக்கு அப்புறம், தட்டுக்கு முன்னால். பழைய தண்ணீரும் அது வழியாகத்தான் போனது, குழாய்த் தண்ணீரும் அது வழியாகத்தான் போனது. ஐந்து லட்சத்துக்கு மேல் உயிர். அதைத் தன் கையால் தைத்து, தன் கையால் மாட்டி, பாராட்டும் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் கிட்டித்துப்போய்த் தாடை வலித்தது.

"புதுப் பை வாங்கி மாட்டிடு," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "தொட்டியை நல்லாக் கழுவிடு. யாருக்கும் தெரியாது. மருந்தை வீட்டுல வச்சிருந்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"நாளைக்கு உங்க தங்கச்சி மேல போலீஸ்ல புகார் கொடுக்கப்போறாங்க."

"எந்தத் தங்கச்சி?" என்றான். அவனுக்கு இருப்பதே ஒரு தங்கைதான்.

அவள் கேமராவில் பார்த்ததைச் சொன்னாள். குடத்தையும் வால்வையும் சொன்னாள். அவன் சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான். கையில் இருந்தது காய்ந்து வெள்ளையாகிவிட்டது. அவன் அதையே உற்றுப் பார்த்தான்.

"சொல்லிடு," என்றான் கடைசியில். "நான் கூட வரலை. என்னால அங்க வந்து நிக்க முடியாது. நீ சொல்லிடு."

மறுநாள் டாக்டரம்மா வரும் முன்பே தண்ணிக்காரி அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். கழற்றிய பைகளை நெகிழிப் பையில் போட்டுக் கட்டிக் கையில் வைத்திருந்தாள். உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், மூட்டை, பொட்டலம், ஊதியது. டாக்டரம்மா இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும், "இத்துனூண்டு தூள் இத்தனை ஆயிரம் லிட்டருக்கா?" என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் போதும்கறார்."

"சோதிச்சுப் பாத்துடலாம்."

சோதிக்க நல்ல புழு வேண்டும். கட்டடத்தில் இருந்த லட்சக்கணக்கான புழுக்களும் அந்தப் பை வழியாக வந்த தண்ணீரில் வளர்ந்தவை. ஒன்றைக்கூட நம்ப முடியாது. நெட்டை ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கொசுப்புழு தேடிப் போனான். எங்கே வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனதாகப் பிறகு சொன்னான். ஒரு பழைய டயரில் கிடைத்தது. எட்டுக் கோப்பையில் கேனில் வாங்கிய தண்ணீரை ஊற்றிப் புழுக்களை விட்டு, நாலில் மட்டும் பைத்துணியில் விரலகலம் வெட்டிப் போட்டு, மேலே வலை கட்டி வைத்தார்கள்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மாதான் முதலில் பார்த்தாள். துணி போடாத நாலு கோப்பையிலும் வலைக்கு அடியில் கொசுக்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. துணி போட்ட நாலிலும் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மேல் கரிய புள்ளிகள்.

டாக்டரம்மா வெகுநேரம் அந்தக் கோப்பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வெளியே வைத்தாள். புகார். கையெழுத்துப் போட்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை நீங்க ஒரு பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா நான் இதைக் கொடுத்திருப்பேன்," என்றாள். "அந்தப் பொம்பளை யாருன்னே எனக்குத் தெரியாது. குனிஞ்சு நின்னா, அவ்வளவுதான். நான் முழுசா நம்பிட்டேன்."

"அது என் நாத்தனார் மேடம்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தண்ணிக்காரிக்கு இருந்தது.

நாத்தனாரைப் புதன்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டெங்குதான். அவள் கணவன் லாரியில் வெளியூர் போயிருந்தான். அண்ணன்தான் கூட இருந்தான்; அவனுக்கும் இருக்க நேரம் இருந்தது, ஏனென்றால் மருந்தை வீட்டில் வைத்திருந்தது அலுவலகத்துக்குத் தெரிந்து, வியாழக்கிழமை அவனை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள். அந்தத் தெருவில் மட்டும் ஏழு பேருக்குக் காய்ச்சல். மூன்று வாரமாக மாப்பிள்ளைக் கொசு இறங்காத தெரு. அதனால்தானா என்று தண்ணிக்காரி டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"விட்டிருந்தா வந்திருக்காதுன்னு யாராலும் சொல்ல முடியாது," என்றாள் டாக்டரம்மா. "வந்திருக்கும்னும் சொல்ல முடியாது. மூணு வாரத்துல அவ்வளவு வித்தியாசம் தெரியாதுன்னுதான் நினைக்கறேன். நினைக்கறேன், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் தண்ணிக்காரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் வலை கட்டியிருந்தார்கள். நாத்தனார் கண் உள்ளே போய், உதடு வெடித்து, பத்து வயது கூடினவள் போலப் படுத்திருந்தாள். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தன் கணவனைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டு, தண்ணிக்காரி வலையைத் தூக்கி உள்ளே உட்கார்ந்தாள்.

"எங்க தெருவுக்கு ஏன் அண்ணி கொசு விட வரலை? எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. உங்க அண்ணி அங்கதானே இருக்காங்கன்னு."

"எல்லாம் செத்துப்போச்சு. என்னாலதான்."

சொன்னாள். சொல்லச் சொல்ல நாத்தனார் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மருந்துத்தூள் பையில் ஒட்டியதைக் கேட்டு, "அண்ணன் எப்பவும் இப்படித்தான், எதையும் துடைக்காது," என்றுகூடச் சொன்னாள். தண்ணிக்காரிக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. அந்தத் தெம்பில் கேமரா விஷயத்தையும் சொன்னாள். புகார் எழுதி வைத்திருந்ததையும் சொன்னாள்.

நாத்தனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என் மேலயா?"

"யாருன்னு தெரியாம எழுதினது. பின்தெரு ஆளுன்னு."

"நான் ஒழுகற தண்ணியைப் பிடிச்சேன். யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கலை. சாக்கடைக்குப் போறதைத்தானே பிடிச்சேன்." அவள் குரல் உயரவில்லை, உயர அவளிடம் தெம்பும் இல்லை. "நான் விஷம் வைப்பேன்னு நினைச்சாங்களா?"

"அதான் நான் போய் எல்லாத்தையும் சொல்லி..."

"இரு. அந்தப் படத்தை உனக்குக் காட்டினாங்கல்ல. அப்ப நீ என்ன சொன்னே?"

தண்ணிக்காரி பொய் சொல்லியிருக்கலாம். திரையில் சரியாகத் தெரியவில்லை என்றால் போதும். முகம் தெரியவில்லை என்பது உண்மையும்கூட. நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கண் சிவந்து, இமைக்காமல் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலை."

"என்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

நாத்தனார் தலையைத் திரும்ப வைத்துக்கொண்டாள். பிறகு, ஊசி குத்திய கை இழுபடாமல் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்படித் திரும்ப அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தண்ணிக்காரி உதவிக்குக் கையை நீட்டினாள். பாதி தூரத்தில் கை நின்றுவிட்டது.

கணவன் டீ குடித்துவிட்டு வந்தபோது அவள் வலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

கட்டடத்தில் வேலை ஒழுங்குக்கு வர ஒரு மாதம் ஆனது. கடைசிப் பைக்கு அப்புறம் இருந்த குழாய், தொட்டி, தட்டு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள். தண்ணீர்ப் பிரிவுக்குள் வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வரக்கூடாது என்று டாக்டரம்மா எழுதி ஒட்டினாள். வெளியே அனுப்பிய பைத்துணியில் மருந்து இருப்பதாகச் சோதனைக் கூடத்திலிருந்தும் பதில் வந்தது. தண்ணிக்காரியை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுசுழற்சியை மறுபடி தொடங்கிய நாளில், வேறு யாராவது இதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளே கேட்டாள்.

"உங்களைத் தவிர வேற யாருக்கும் இதுல எங்க தப்பு நடக்கும்னு தெரியாது," என்று டாக்டரம்மா மறுத்துவிட்டாள்.

ஆறாவது வாரம் நாற்பது கூண்டிலும் கொசு பறந்தது. நெட்டை அன்று கேலி எதுவும் பேசாமல் டப்பாக்களை ஏற்றினான். மருந்துக்காரனுக்கு இரண்டு மாதம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது, ஊரின் மறுகோடியில். அவன் அலுவலகக் கூரையையும் அதற்குள் சரிசெய்திருந்தார்கள்.

நாத்தனார் ஒன்பது நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். அண்ணனோடு பேசினாள். அண்ணன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. தண்ணிக்காரி இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை திறந்தது, உள்ளே கூப்பிடவில்லை.

"எனக்கு இன்னும் ஆறலை அண்ணி," என்றாள் நாத்தனார், கதவைப் பிடித்துக்கொண்டு. "நீ பை தைச்சது எனக்கு மறந்துகூடப் போச்சு. மத்தது போகலை. போகும்போது நானே வரேன். நீ வராதே."

தண்ணிக்காரி சரி என்றாள். அதற்கப்புறம் போகவில்லை. வேலைக்கு வரும்போதும் அந்தத் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணிக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, அண்ணன் எங்கே என்று கேட்காமல், மடிக்காத துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை ஒரு துண்டால் சுற்றியிருந்தாள். அதை அவிழ்த்துக் காட்டினாள். காய்ச்சலுக்கு அப்புறம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, வகிடு அகலமாகிப்போயிருந்தது.

"டாக்டர் திரும்ப முளைக்கும்கறார். உனக்கு என்ன தோணுது? பார்த்துச் சொல்லு."

தண்ணிக்காரி துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு அவள் தலையைத் திருப்பி, வகிட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். ஓரத்தில் கட்டையாகக் கொஞ்சம் முடி தெரிந்தது.

"இங்க முளைச்சிருக்கு," என்றாள்.

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பார்க்கறேன்."

இருவரும் ஒரு மணி நேரம் முடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எதையும் பேசவில்லை. போகும்போது நாத்தனார் துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு, அடுத்த மாதமும் வந்து காட்டுவதாகச் சொன்னாள்.